கூகுள் டிரைவ் மட்டும் போதுமா, தனியாக ஒரு காப்புப் பிரதி வேண்டுமா?

சைதை_கணக்காளர்:
2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையில் உள்ள எங்கள் தணிக்கை அலுவலகத்தின் தரைத்தளம் மூழ்கியது. கணினியும், அதன் பிரதி இருந்த ஹார்டு டிஸ்க்கும் ஒரே அறையில் இருந்ததால் இரண்டுமே போயின. அதன் பிறகு வாடிக்கையாளர் கோப்புகள் அனைத்தையும் கூகுள் டிரைவுடன் ஒத்திசைத்து வருகிறோம். இப்போது எங்கள் கணினிப் பராமரிப்பாளர், இது காப்புப் பிரதியே ஆகாது, ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி வாராவாரம் நகலெடுங்கள் என்கிறார். வெள்ளம் எட்டாத இடத்தில் பிரதி பத்திரமாக இருக்கும்போது, பழைய முறைக்கே திரும்பச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மதுரை_வலையமைப்பு:
உங்கள் பராமரிப்பாளர் சொல்வது சரிதான், ஐயா. கணினியையும் டிரைவையும் எப்போதும் ஒரே நிலையில் வைத்திருப்பதே ஒத்திசைவின் வேலை என்பதால், இங்கே நேரும் கேடும் சற்று நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். பயிற்சிக்கு வந்தவர் கை தவறி ஒரு கோப்புறையை நீக்கினால், அது டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடந்துவிட்டுத் தானாக அழிந்துவிடும். ஜிஎஸ்டி சட்டமோ, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. மூன்று ஆண்டுகளாக எவரும் திறக்காத கோப்புறை காணாமல் போனதை 30 நாளுக்குள் யார் கண்டுபிடிப்பார்கள்? எக்செல் போன்ற கோப்புகளின் முந்தைய பதிப்புகளும் பொதுவாக 30 நாள் அல்லது 100 பதிப்புகள் வரைதான் அங்கே இருக்கும்.

சைதை_கணக்காளர்:
நீக்கிய கோப்பு பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தணிக்கை அறிக்கைகள் குவியும் செப்டம்பரில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துச் செருக யாருக்கு நினைவிருக்கும்? ஆறு மாதப் பழைய பிரதியை நம்பி இருப்பதைவிட, யாருடைய நினைவையும் சாராமல் தானாக நடக்கும் ஒன்றே எங்களைப் போன்ற சிறிய அலுவலகத்துக்குப் பொருந்தும். அதைவிட எனக்குப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர்களின் பான் எண்களும் வங்கி அறிக்கைகளும் நிறைந்த அந்த டிஸ்க் பேருந்தில் தொலைந்தால் நான் என்ன பதில் சொல்வேன்?

மதுரை_வலையமைப்பு:
டிஸ்க் தொலைந்தால் என்ன ஆகும் என்ற அச்சத்துக்குத் தீர்வு உண்டு. விண்டோஸ் புரோ பதிப்பில் உள்ள பிட்லாக்கரால் டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்துவிட்டால், கடவுச்சொல் இல்லாதவர் கையில் அது கிடைத்தாலும் எதையும் படிக்க முடியாது. கடவுச்சொல் மறந்தால் டிஸ்க்கைத் திறக்க உதவும் எண்ணான மீட்புச் சாவியை மட்டும் அச்சிட்டு வேறிடத்தில் வையுங்கள். பெரிய நிறுவனம் என்பதாலேயே முழுப் பாதுகாப்பு வந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்கள் பயன்படுத்திய சேமிப்பகத்தில் இருந்த 858 டெராபைட் தரவு, வேறெங்கும் பிரதி இல்லாததால் அழிந்தே போனது. 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் கணினிச் செயலியிலேயே, 84ஆம் பதிப்பில் ஏற்பட்ட கோளாறால் சிலருடைய கோப்புகள் காணாமல் போயின.

சைதை_கணக்காளர்:
கொரியாவில் நடந்தது, வெளியூரில் பிரதி வைக்காததன் விளைவு; அது என் வாதத்துக்கே துணை நிற்கிறது. 2023 கோளாறுக்கு மீட்புக் கருவியைக் கூகுளே வெளியிட்டது. என் அலமாரியில் உள்ள டிஸ்க் பழுதானால் அப்படி யார் வருவார்கள்?

திருச்சி_ஆய்வாளர்:
இருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். பராமரிப்பாளர் சொன்னபடி டிரைவ் கோப்புறையை அப்படியே ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்தால், கூகுள் டாக்ஸிலும் ஷீட்ஸிலும் உருவாக்கிய ஆவணங்கள் அதில் வந்து சேராது. ஜிடாக், ஜிஷீட் என்ற பின்னொட்டுகளோடு கணினியில் தெரிவது, ஆவணத்தின் இணைய இணைப்பை மட்டும் தாங்கிய மிகச் சிறிய கோப்பு; கூகுள் கணக்கு முடங்கிய நாளில் அதை வைத்து ஒரு வரியைக்கூடப் படிக்க முடியாது. நம் தரவை மொத்தமாக வெளியே எடுத்துத் தரும் கூகுளின் சேவையான டேக்அவுட் வழியாக எடுத்தால் அவை வேர்டு, எக்செல் கோப்புகளாக மாறி வரும். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை என ஓராண்டுக்குத் தானாக நடக்கும்படியும், அதை ஒன்டிரைவ் போன்ற வேறு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கே அனுப்பும்படியும் அங்கே அமைக்கலாம். கணக்காளர் ஐயா அஞ்சும் மறதிக்கு இது ஓரளவு விடை தரும். அனுப்பும் சேமிப்பகத்தில் போதிய இடம் மட்டும் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

மதுரை_வலையமைப்பு:
டேக்அவுட் நல்ல யோசனை. ஆனால் இரண்டு மாத இடைவெளி தணிக்கை அலுவலகத்துக்கு மிக அதிகம். வாராந்திர டிஸ்க்கை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சைதை_கணக்காளர்:
வேறு நிறுவனத்தில் ஒரு பிரதி என்பதை ஏற்கிறேன். இந்த வாரமே அமைத்து, 2021-22ஆம் ஆண்டுக் கோப்புறை ஒன்றை அதிலிருந்து மீட்டெடுத்துத் திறந்து பார்க்கிறேன். வாராந்திர டிஸ்க் எங்கள் அலுவலகத்தில் நடைமுறைக்கு ஒத்துவராது என்ற கருத்தில் மாற்றமில்லை. ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் குறியாக்கம் செய்த ஒரு டிஸ்க்கில் நகலெடுத்து, முதல் மாடியில் உள்ள என் வீட்டில் வைக்கிறேன். அதற்கு மேல் வேண்டும் என்றால், எந்தக் கோப்புக்காக, எந்த இழப்பை எண்ணி என்று சொல்லுங்கள், பேசுவோம்.