பால் குடிக்கும்போது வியர்க்கிறதா? அல்காப்பா என்ற பிறவி இதயக் குறைக்கு அறுவை சிகிச்சை கண்ட பெற்றோரின் அனுபவங்கள்

ஒரு தாய், தென்காசி:
முதல் மாதம் என் மகள் நன்றாகத்தான் பால் குடித்தாள். இரண்டாம் மாதத்தில், மார்பில் வாய்வைத்த சற்று நேரத்திலேயே வீறிட்டு அழத் தொடங்கினாள். முகம் வெளுக்கும், நெற்றி வியர்வையில் நனையும். உரம் விழுந்திருக்கிறது என்றார்கள் பெரியவர்கள். வாயுத் தொல்லை என்றார் மருத்துவர். எடை ஏறவில்லை. மூச்சு வாங்கியபோது எடுத்த எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரிந்தது. முதல் எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத் தசை பலவீனம் என்று மட்டும் எழுதினார்கள்.

சென்னையில் குழந்தை இதய நிபுணர் ஈ.சி.ஜி.யைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டு, மறுபடி எக்கோ எடுத்தார். உடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் மகாதமனியில் தொடங்க வேண்டிய இடது கொரோனரித் தமனி, அதாவது இதயத் தசைக்கு ரத்தம் தரும் குழாய், நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பியிருந்தது. இதுதான் அல்காப்பா, ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் குறை. பிறந்த புதிதில் நுரையீரல் தமனியில் அழுத்தம் அதிகம் என்பதால் தசைக்கு ரத்தம் எட்டிவிடும். வாரங்கள் செல்லச் செல்ல அழுத்தம் இறங்கும். வலது கொரோனரித் தமனியிலிருந்து வருகிற ரத்தமும் இடது கொரோனரித் தமனி வழியே நுரையீரல் பக்கம் வடிந்துபோகும். பால் உறிஞ்சுவது கைக்குழந்தைக்குக் கடும் உழைப்பு. மாரடைப்பு வரக்கூடிய பெரியவர் மாடி ஏறும்போது படுகிற நெஞ்சுவலியைத்தான் அவள் ஒவ்வொரு முறை பசியாறும்போதும் பட்டிருக்கிறாள். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அந்தத் தமனியை, அது முளைத்த இடத்தின் சுவரோடு சேர்த்துப் பொத்தான்போல் வெட்டியெடுத்து மகாதமனியில் தைத்தார்கள். இதயம் வீங்கியிருந்ததால் மார்பை உடனே மூடவில்லை. அந்த நிலையில் அவளைப் பார்க்க என் கணவரால் முடியவில்லை, நான் பார்த்தேன்.

ஒரு தந்தை, மதுரை:
சகோதரி, என் மகனுக்கும் இதே குறைதான், ஆனால் வெட்டியெடுத்துத் தைக்க அவனுடைய தமனி மகாதமனிவரை எட்டவில்லை. நுரையீரல் தமனிக்குள்ளேயே சுரங்கம்போல் வழி அமைத்து, மகாதமனியின் ரத்தத்தை இடது கொரோனரித் தமனிக்குத் திருப்பினார்கள். ஜப்பானைச் சேர்ந்த டகேயுச்சி 1979இல் வெளியிட்ட முறை இது. அந்த வழியால் நுரையீரல் தமனி பின்னாளில் குறுகலாம் என்பதால் எக்கோ பரிசோதனையை விடவே கூடாது என்றார்கள்.

இதயத்தின் இடப்பக்கத்திலுள்ள மைட்ரல் வால்வில் கசிவு இருந்தும் அதைத் தொடவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. வால்வைத் தாங்கும் தசைக்கு ரத்தம் கிடைத்தால் கசிவு தானாகக் குறைய வாய்ப்புண்டு என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அப்படித்தான் குறைந்தது. இதயத்தின் அளவும் மாதங்கள் போகப் போகச் சுருங்கியது. இன்று அவன் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறான்.

குழந்தைகள் ஐ.சி.யூ. செவிலியர், கோவை:
எங்களிடம் பெற்றோர் அடிக்கடி கேட்பது, மூச்சு வாங்குகிற குழந்தைக்கு ஏன் தாராளமாக ஆக்சிஜன் வைப்பதில்லை என்பதுதான். அறுவைக்கு முன் இந்தக் குழந்தைகளுக்கு ஆக்சிஜன் கூடினால் நுரையீரல் தமனியின் அழுத்தம் மேலும் இறங்கி, ரத்தம் நுரையீரல் பக்கம் வடிவது அதிகமாகும். அதனால் அளந்துதான் கொடுப்போம். உறிஞ்சும் உழைப்பைக் குறைக்கப் பாலைக் குழாய் வழியாகத் தருவோம். அறுவைக்குப் பின்னும் சில இதயங்கள் உடனே தேறாது. இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் எக்மோ இயந்திரத்தின் துணையில் சில நாள் இருக்கும். இயந்திரத்தைப் பார்த்து நம்பிக்கை இழக்காதீர்கள், அம்மா. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் முதல் வயதைத் தாண்டுவதில்லை. காலத்தோடு வந்த பலர் மீண்டு வீடு திரும்புவதை நான் பார்க்கிறேன்.

கைக்குழந்தைக்கு இதயம் வீங்கியிருக்கிறது என்று யாராவது சொன்னால், இரண்டு கொரோனரித் தமனிகளும் எங்கிருந்து கிளம்புகின்றன என்று எக்கோவில் தெளிவாகத் தெரிந்ததா எனக் கேளுங்கள். பால் குடிக்கும்போது அழுவதைக் கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.