செம்கிரெப்பை ஏஐ உதவியாளரோடு இணைத்த பிறகு வரும் சிக்கல்கள்: எங்கே தவறு?

கேள்வி

பைத்தான் ரெப்போ ஒன்றில் செம்கிரெப்பை (கோடில் பாதுகாப்புக் குறைகளைத் தேடும் ஸ்கேனர்) எம்சிபி சர்வர் (ஏஐ-யோடு வெளிக் கருவிகளை இணைக்கும் நிரல்) வழியாக ஏஐ கோடிங் உதவியாளரோடு இணைத்திருக்கிறோம். மூன்று இடத்தில் இடிக்கிறது.

டெர்மினலில் கையால் ஓட்டினால் சர்வர் ஒழுங்காக எழும்புகிறது. எடிட்டருக்குள் இருந்து கூப்பிட்டால் சில நேரம் ஜேசன் பார்ஸ் எரர் (வந்த செய்தியைப் படிக்க முடியவில்லை என்ற பிழை), சில நேரம் கமாண்டே கிடைக்கவில்லை என்கிறது.

முழு ரெப்போவை ஸ்கேன் செய்தால் 400 எச்சரிக்கைக்கு மேல் வருகிறது. அத்தனையும் கான்டெக்ஸ்டில் (மாடல் ஒரே நேரத்தில் படிக்கும் உரை) விழுந்ததும், உதவியாளர் கேட்ட வேலையை விட்டுவிட்டுச் சம்பந்தமில்லாத ஃபைல்களைத் திருத்தப் போய்விடுகிறது.

"சரிசெய்" என்றால் பாதி இடங்களில் வரி ஓரத்தில் நோசெம்கிரெப் (இந்த வரியின் எச்சரிக்கையைக் காட்டாதே என்று செம்கிரெப்புக்குச் சொல்லும் குறி) என்று கமென்ட் போட்டுவிட்டு, முடிந்தது என்கிறது. எதை எங்கே மாற்ற வேண்டும்?

பதில் 1

முதல் சிக்கலுக்கு மட்டும் சொல்கிறேன். எஸ்டிடிஐஓ முறையில் (எடிட்டரோடு ஸ்டாண்டர்ட் இன்புட், அவுட்புட் வழியே பேசும் முறை) ஓடும் எம்சிபி சர்வரின் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் ஜேசன்-ஆர்பிசி என்ற வடிவத்தில் உள்ள செய்திகளைத் தவிர ஒரு எழுத்துகூட வரக்கூடாது. வரவேற்பு வரி, புரோகிரஸ் பார், புது வெர்ஷன் வந்திருக்கிறது என்ற அறிவிப்பு, யாரோ டீபக்குக்குப் போட்ட பிரிண்ட் என்று எது கலந்தாலும் பார்ஸ் எரர்தான். டெர்மினலில் கண்ணால் பார்க்கும்போது இது தவறாகவே தெரியாது. லாக் எல்லாவற்றையும் ஸ்டாண்டர்ட் எரருக்குத் திருப்புங்கள்.

கமாண்ட் கிடைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் பாத், அதாவது கமாண்டுகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல். ஐகானைச் சொடுக்கித் திறந்த எடிட்டருக்கு உங்கள் ஷெல் அமைப்புகள் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. கான்ஃபிக்கில் வெறும் செம்கிரெப் என்று எழுதாமல், விச் கமாண்ட் காட்டும் முழுப் பாதையை எழுதுங்கள். டோக்கன் தேவைப்பட்டால் என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுங்கள். டோக்கன் உள்ள கான்ஃபிக் ஃபைல் கிட்டுக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2

400 எச்சரிக்கை என்பது ஸ்கேனரின் குற்றமல்ல. பழைய கடனையும் இன்றைய செலவையும் ஒரே பில்லில் போட்டு நீட்டுகிறீர்கள். உதவியாளர் தொட்ட ஃபைல்களை மட்டும் ஸ்கேன் செய்யக் கொடுங்கள்.

பழைய கமிட்டில் இல்லாத எச்சரிக்கைகளை மட்டும் காட்டும் பேஸ்லைன்-கமிட் ஆப்ஷன் இதற்குத்தானே என்று தோன்றும். ஆனால் ஸ்டேஜ் செய்யாத (கிட் ஆட் கொடுத்து அடுத்த கமிட்டில் சேர்க்காத) மாற்றங்கள் இருந்தால் அந்த ஆப்ஷனோடு செம்கிரெப் ஓடாமல் நின்றுவிடும். உதவியாளர் எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படிப்பட்ட மாற்றங்கள் இல்லாத நேரமே கிடையாது. எனவே எடிட்டருக்குள் கிட் டிஃப் தரும் மாறிய ஃபைல்களின் பட்டியல், சிஐ-யில் (கோடைத் தானாகச் சோதிக்கும் சர்வர்) பேஸ்லைன்-கமிட் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சாரிஃப் ஃபைலை (ஸ்கேன் முடிவுகளுக்கான பொது வடிவம்) அப்படியே மாடலுக்கு ஊட்டாதீர்கள். ஒவ்வொரு விதியின் விளக்கமும் உதவிக் குறிப்பும் அதற்குள்ளேயே இருப்பதால், எச்சரிக்கை இரண்டே இருந்தாலும் ஃபைல் பெருத்துவிடும். விதியின் ஐடி, தீவிரம், ஃபைல், வரி எண், ஒரு வரிச் செய்தி போதும்.

ஒன்றை மட்டும் வெட்டிவிடாதீர்கள்: டேட்டா வந்த வழி. 84-ஆம் வரியில் எக்ஸிகியூட்டுக்குள் எஃப்-ஸ்ட்ரிங்கில் (மதிப்பை நேரே உள்ளே ஒட்டும் பைத்தான் சரம்) கட்டிய எஸ்கியூஎல், அதற்கான மதிப்பு 61-ஆம் வரியில் ரிக்வெஸ்டிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 84-ஐ மட்டும் காட்டினால், ஒற்றை மேற்கோள் குறியை ரீப்ளேஸ் செய்யும் ஒட்டுவேலை வந்து நிற்க வாய்ப்பு அதிகம். இரண்டு வரியையும் காட்டி, மதிப்பை எஸ்கியூஎல் வாக்கியத்தின் உள்ளே ஒட்டாமல் பாராமீட்டராக அனுப்பு என்று சொன்னால் திருத்தம் சரியான இடத்தில் விழும்.

பதில் 3

நோசெம்கிரெப் விஷயம்தான் எனக்கு இதில் மிகவும் கவலை தருவது. உதவியாளரிடம் நீங்கள் கொடுத்த இலக்கு "எச்சரிக்கை வரக்கூடாது" என்பது. அதற்குக் குறுக்கு வழி கமென்ட்; இன்னொன்று, ஸ்கேன் செய்யக்கூடாதவற்றைப் பட்டியலிடும் செம்கிரெப்-இக்னோர் ஃபைலில் ஒரு வரி சேர்ப்பது. போடாதே என்று உதவியாளர் படிக்கும் அறிவுரை ஃபைலில் எழுதுவது உதவும், ஆனால் அது பூட்டு ஆகாது. சிஐ-யில் டிசேபிள்-நோசெம் ஆப்ஷனோடு ஓட்டினால் அந்தக் கமென்ட்டுகள் மதிக்கப்படாது. இக்னோர் ஃபைல், விதிகள் உள்ள ஃபோல்டர், சிஐ கான்ஃபிக் மூன்றும் மாறினால் ஒரு மனிதர் ரிவ்யூ செய்தே ஆக வேண்டும் என்று கோட்-ஓனர்ஸில் (எந்த ஃபைலுக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் ஃபைல்) வையுங்கள்.

செம்கிரெப் ஸ்கேன் கமாண்ட், எச்சரிக்கை இருந்தாலும் 0 என்ற எக்ஸிட் கோடோடு (வெற்றி என்று பொருள்) வெளியேறும் என்பதையும் கவனியுங்கள். எரர் ஆப்ஷன் கொடுத்தால்தான் 1 வரும். அது இல்லாத சிஐ படி எப்போதும் பச்சையாகவே இருக்கும்.

அதைவிட மோசமானது "0 எச்சரிக்கை" என்ற பதில். கோட் சுத்தமாக இருந்தாலும் 0; ஒரு ஃபைலைக்கூடப் படிக்கவில்லை என்றாலும் 0. இக்னோர் பட்டியலில் சிக்கிய ஃபோல்டர், 1 எம்பி-க்கு மேற்பட்ட ஃபைல், பாதியில் பார்ஸ் ஆகாமல் போன ஃபைல் எல்லாம் சத்தமில்லாமல் விடுபடும். உதவியாளருக்குத் திருப்பும் பதிலில் ஸ்கேன் ஆன ஃபைல்களின் எண்ணிக்கையையும், ஜேசன் அவுட்புட்டின் எரர்ஸ் பகுதியையும் கட்டாயம் சேருங்கள். ஃபைல் எண்ணிக்கை 0 என்றால் அது தோல்வி.

கேட்டவர்

நன்றி, பாத் மாற்றியதும் சர்வர் எழும்பிவிட்டது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் ஸ்கேன் ஓட்டு என்று அறிவுரை ஃபைலில் எழுதியிருக்கிறேன், ஆனாலும் சில சமயம் ஓட்டாமல் விடுகிறது. ரகசியச் சாவிகளுக்கு கிட்லீக்ஸையும் (கோடில் கசிந்த சாவிகளைத் தேடும் ஸ்கேனர்) இதே வழியில் இணைக்கலாமா?

பதில் 2

ஓட்டுவதா வேண்டாமா என்ற முடிவை மாடலிடம் விடாதீர்கள், ஹுக்கில் (ஒரு செயல் நடந்ததும் தானாக ஓடும் கமாண்ட்) போடுங்கள். உங்கள் உதவியாளர் கிளாட் கோட் என்றால் போஸ்ட்-டூல்-யூஸ் ஹுக். அங்கே எக்ஸிட் கோட் 2 வந்தால்தான் ஸ்டாண்டர்ட் எரரில் உள்ள செய்தி மாடலுக்குப் போகும். செம்கிரெப்போ எரர் ஆப்ஷனோடு 1 தருகிறது, முடிவுகளை ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் எழுதுகிறது. நடுவில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்து இரண்டையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். மூன்று சுற்றில் தீராத எச்சரிக்கையை மனிதரிடம் அனுப்பிவிடுங்கள். அதற்குமேல் விட்டால் ஒரே இரண்டு திருத்தங்களை மாற்றி மாற்றிப் போட ஆரம்பிக்கும்.

கிட்லீக்ஸ் இணைக்கலாம், சாவியை மறைத்துக் காட்டும் ரிடாக்ட் ஆப்ஷனோடு மட்டும். இல்லையென்றால் கண்டுபிடித்த சாவியை ஸ்கேனரே மாடலின் கான்டெக்ஸ்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடும். கமிட் ஆகிவிட்ட சாவியை உதவியாளர் ஃபைலிலிருந்து அழித்தாலும் கிட் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். முதலில் சாவியை ரத்து செய்து புதியது எடுங்கள், பிறகு கோடைத் தொடுங்கள்.