அரசுத் திட்டத்தை எங்கிருந்து துருவ ஆரம்பிப்பீர்கள்? உங்கள் அனுபவம்

வைகைக்கரை:
மகளிர் இலவசப் பேருந்து எங்கள் ஊருக்குச் சரியாக வருவதில்லை என்று ஒரே புலம்பல். பேப்பர் செய்திகளை விட்டுவிட்டு முதலில் அரசாணையைத் தேடிப் படித்தேன். 2021 மே மாதத்தில் வந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும்தான் சலுகை. எங்கள் ஊர் வழியாகப் போவதில் பாதி புறநகர் வண்டி, அவை இந்தத் திட்டத்திலேயே இல்லை. பாதிப் புலம்பலுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

அப்புறம் போக்குவரத்துத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு. மானியக் கோரிக்கையின்போது, அதாவது துறையின் செலவுக்கு ஒப்புதல் கேட்கும்போது, சட்டமன்றத்தில் வைப்பது, தமிழிலேயே கிடைக்கும். சுயபுராணம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். ஆனால் சில வருடக் குறிப்புகளைச் சேர்த்து வைத்துப் படியுங்கள். போன வருடம் இருந்த விவரம் இந்த வருடம் காணாமல் போயிருந்தால், அங்கேதான் தோண்ட வேண்டும்.

ஓய்வுபெற்ற கிளார்க்:
தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுபவர்களுக்கு ஒன்று. "ஏன் பேருந்து வரவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. கோப்பில் இருப்பதைத்தான் தருவார்கள், காரணம் யோசித்து எழுதித் தர வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. "இந்தத் தடத்துக்கு அனுமதித்த நடைகள், இந்த மாதம் இயக்கிய நடைகள், ரத்தான நடைகள், பதிவேட்டு நகல்" என்று கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

மல்லிகை:
காகிதம் சரி, நிறுத்தத்தில் போய் நின்றீர்களா? "திட்டம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லோரும் "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். நேற்று எத்தனை மணிக்கு வந்தீர்கள், எந்த வண்டியில் ஏறினீர்கள் என்று கேட்க வேண்டும். பூ விற்கும் அக்கா ஒருவர் சொன்னார்: "காலையில அதுக்கு நின்னா மார்க்கெட்டே முடிஞ்சிரும். போறப்ப ஷேர் ஆட்டோ, வர்றப்பதான் பஸ்." துறையின் கணக்கில் அவர் ஒரு கட்டணமில்லாப் பயணச்சீட்டு. காலையில் ஆட்டோவுக்குக் கொடுத்த காசு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

வைகைக்கரை:
இது எனக்குத் தோன்றவே இல்லை, அக்கா. காலை நடைகளைத் தனியாகக் கேட்டு மனு எழுதுகிறேன். டிப்போவுக்கா, தலைமை அலுவலகத்துக்கா?

ஓய்வுபெற்ற கிளார்க்:
தலைமை அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கே போடுங்கள். தகவல் வேறு துறையில் இருந்தாலும் பிரிவு 6(3)-ன்படி 5 நாளுக்குள் அவர்களே அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட், மறந்துவிடாதீர்கள்.