கார்ல் யுங் வரைந்த ஓவியங்கள்: எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

உளவியலாளர் கார்ல் யுங் ஓவியமும் வரைந்தார் என்று நேற்றுதான் தெரிந்தது. வெறும் பொழுதுபோக்கா, இல்லை அவருடைய ஆய்வோடு சேர்ந்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்:
சிவப்புப் புத்தகத்தில் இருந்து தொடங்குங்கள். 1913இல் உளப்பகுப்பாய்வின் முன்னோடியான ஃப்ராய்டுடன் உறவு முறிந்த பிறகு தனக்குள் எழுந்த காட்சிகளை முதலில் கறுப்பு நோட்டுகளில் எழுதி வைத்தார், அப்புறம் சிவப்புத் தோல் அட்டை போட்ட பெரிய ஏட்டில், பழைய மடாலயச் சுவடிகளைப் போல அலங்கார எழுத்தும் பாம்பும் மரமும் வட்டங்களுமாகப் பதினாறு வருடம் போலத் தீட்டினார். முடிக்கவில்லை. 2009இல்தான் அச்சில் வந்தது. பார்த்தால் கண் எடுக்க முடியாது!

பதில்:
பொழுதுபோக்கு இல்லவே இல்லை. முதல் மண்டல ஓவியம் (நடுவைச் சுற்றி அமைந்த வட்ட வடிவ ஓவியம்) 1916இல். அடுத்த வருடம் முதல் உலகப்போர் நேரத்தில் சுவிட்சர்லாந்தின் ஷாத்தோ-தேயில் பணியில் இருந்தபோது தினமும் காலையில் சின்ன வட்டம் ஒன்று வரைவாராம், அன்றைய மனநிலை அதில் தெரிந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஆனால் இதைக் 'கலை' என்று சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அந்த நீலத்தையும் சிவப்பையும் வைத்த கை ஓவியனுடைய கைதான்.

பதில்:
கல் வேலையை விட்டுவிட்டீர்களே. சூரிச் ஏரிக்கரையில் பொலிங்கனில் 1923 முதல் தானே கோபுர வீடு கட்டினார். அங்கே அளவு தவறி வந்த சதுரக் கல்லைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டு, 1950இல் கிரேக்கமும் லத்தீனும் அதில் செதுக்கினார். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.