தாராவி டீச்சர்களுக்கு மெயில் சொல்லித்தர ஒரு கை வேண்டும்

மும்பை நண்பர்களே, தாராவியில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் சனிக்கிழமை மதியம் ஆறு டீச்சர்களுக்கு இணையமும் மின்னஞ்சலும் சொல்லித்தருகிறேன். வாட்ஸ்அப்பில் எல்லோரும் புலி, மெயில் என்றால்தான் தயக்கம். போன வாரம் ஒருவர் வகுப்பில் எடுத்த வீடியோவை அனுப்பப் பார்த்து, 25 எம்பியைத் தாண்டினால் ஜிமெயில் அதை கூகுள் டிரைவ் லிங்காக மாற்றிவிடும், திறந்து பார்க்க நாம்தான் அனுமதி கொடுக்க வேண்டும் என்று தெரியாமல் அரை மணி நேரம் போராடினார். பெற்றோர் முகவரிகள் ஒருவருக்கொருவர் தெரியாமலிருக்க பிசிசியில் போடுவதை மட்டும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். தமிழ்த் தட்டச்சுதான் பெரிய பாடு (எனக்கே தமிழ்99 விசைப்பலகை தடுமாற்றம்). அதைச் சொல்லித்தர யாராவது இரண்டு சனிக்கிழமை வர முடியுமா? அப்புறம், ஓடுகிற பழைய லேப்டாப் இருந்தாலும் சொல்லுங்கள், இப்போது ஒன்றுதான் இருக்கிறது. சயான் ஸ்டேஷனிலிருந்து நானே கூட்டிப்போகிறேன்.