மாங்கன்றுக்கு வேம் போடுவதா, டி.ஏ.பி. போடுவதா?

குடியாத்தம் மேட்டுக்கொல்லை:
எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக மேட்டுக்கொல்லை இருக்கிறது. செம்மண், ஒரு மூலையில் மட்டும் சுக்கான் கலந்தது. ஆடிப்பட்டத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டுக்கொண்டிருந்த நிலம், ஆள் கிடைக்காமல் இரண்டு வருஷமாகக் கரம்பாகக் கிடக்கிறது. இப்போது பங்கனபள்ளியும் பெங்களூராவும் ஒட்டுக்கன்று வைக்கக் குழி எடுத்து ஆறப் போட்டிருக்கிறோம். குழிக்கு ஒரு கை டி.ஏ.பி. உரம் போட்டால்தான் கன்று எழும்பும் என்கிறார் மாமனார். உரக்கடையில் வேம் (VAM) என்ற வேர்ப்பூஞ்சை பாக்கெட் வாங்கிப் போகச் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் போடலாமா? கிணற்றோரம் எலுமிச்சை மரத்தடியில் சருகைக் கிளறினால் வெள்ளை வெள்ளையாக நூல் படர்ந்திருக்கிறது. அதுதான் வேம் என்றால் காசு கொடுக்காமல் அதையே அள்ளிப் போட்டுவிடலாமே?

திருவலம் வாழைக்காரர்:
சகோதரி, நான் தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து போடுவதோடு சரி. அதுவும் பூஞ்சைதானே. தனியாக வேம் எதற்கு?

ஒடுகத்தூர் மண்வேலை:
அம்மா, வேமும் டி.ஏ.பி.யும் ஒரே குழியில் வேண்டாம். காரணத்தோடு சொன்னால் மாமனார் கேட்டுக்கொள்வார் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வேலையில் இருந்தவரை வேர்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பதுதான் எனக்கு ஆய்வகத்தில் பாதி நாள் வேலை. மெல்லிய வேரைக் காஸ்டிக் பொட்டாஷில் சூடாக்கி வெளுக்க வைத்து, டிரிபான் நீலம் ஏற்றி உருப்பெருக்கியில் பார்த்தால், வேரின் செல்லுக்குள்ளேயே நீலப் புதர் மாதிரி கிளைவிட்டு ஒன்று நிற்கும். அதுதான் இந்தப் பூஞ்சை. கொடுக்கல் வாங்கல் நடக்கிற இடமும் அதுதான். மண்ணிலிருந்து எடுத்துவந்த மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பூஞ்சை அங்கே இறக்கும். இலையில் தயாரானதில் 4 முதல் 20 சதவீதம் வரை மரம் அதற்குக் கொடுக்கும், சர்க்கரையாகவும் கொழுப்பாகவும். அந்தப் புதருக்கு ஆயுசு சில நாள்தான். அது கரைந்ததும் பக்கத்துச் செல்லில் இன்னொன்று கிளைவிடும். எத்தனை வேரைப் பார்த்தாலும் எனக்கு அலுத்ததே இல்லை.

மரம் இவ்வளவு கொடுத்து அதை வைத்துக்கொள்வது எதற்கு? மணிச்சத்து தண்ணீரோடு ஓடி வருகிற சத்து இல்லை. செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், உங்கள் சுக்கான் மூலையில் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதை எடுத்து முடித்ததும் அந்த இடம் வெறுமையாகிவிடும். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பூஞ்சை இழை அதைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் போகும், வேர் நுழையாத சந்திலும் நுழையும். எலுமிச்சை வகைக்கு வேர்த்தூவி குறைவு என்பதால் அது இந்தப் பூஞ்சையை ரொம்பவே நம்பியிருக்கிறது. அமெரிக்காவில் எலுமிச்சை, ஆரஞ்சு நாற்றங்கால்களில் நோய் வரக்கூடாது என்று மண்ணுக்குப் புகைமருந்து போட்டார்கள். மண் சுத்தமாயிற்று, நாற்று குட்டையாகவே நின்றுவிட்டது. மண்ணில் இந்தப் பூஞ்சை இல்லாமல் போனதுதான் காரணம் என்று 1972-ல் எழுதி வெளியிட்டார்கள்.

இப்போது டி.ஏ.பி. அதில் 46 சதவீதம் மணிச்சத்து. மணிச்சத்து போதாதபோதுதான் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற ஒரு பொருளை அதிகமாகக் கசியவிடும். பூஞ்சை இழை அதை உணர்ந்துதான் கிளைவிட்டு வேரைத் தேடி வரும். இது 2005-ல்தான் தெரியவந்தது. (சோளக் கொல்லையில் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களை முளைப்பதும் இதே கசிவை மோப்பம் பிடித்துத்தான்.) வேரடியிலேயே மணிச்சத்தைக் கொட்டிவிட்டால் கன்று கசிவைக் குறைத்துவிடும், வந்த பூஞ்சையையும் பெரிதாக வளரவிடாது. பிறகு 20 கிராம் வேம் போட்டு என்ன பயன்? மாமனார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, டி.ஏ.பி. போட்ட கன்று முதலில் கருகருவென்று வரும். ஆனால் மாமரம் ஒரு பட்டத்துப் பயிர் இல்லையே. மண் பரிசோதனை செய்து மணிச்சத்து நிஜமாகவே குறைவு என்று வந்தால், அடுத்த வருஷம் தூரிலிருந்து தள்ளி, அளவாகக் கொடுங்கள்.

எலுமிச்சை மரத்தடியில் பார்த்த வெள்ளை நூல் வேம் இல்லை. அது சருகை மக்க வைக்கிற பூஞ்சை. அதுவும் நல்லதுதான், அங்கேயே இருக்கட்டும். வேம் பூஞ்சை குடையும் விரிக்காது, கண்ணுக்கும் தெரியாது. திருவலம் நண்பருக்கும் ஒரு வார்த்தை: டிரைக்கோடெர்மா மக்கிய பொருளில் வளரும், நோய்ப் பூஞ்சையை அடக்கும். வேம் உயிருள்ள வேர் இல்லாமல் வளரவே வளராது. அதனால்தான் மக்காச்சோளம் மாதிரி ஒரு பயிரின் வேரில் பெருக்கி, அந்த மண்ணையும் வேரையும் சேர்த்தே பாக்கெட்டில் அடைக்கிறார்கள். ஒன்றுக்கு இன்னொன்று மாற்று ஆகாது.

போடும் முறை: குழிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரமும் மேல்மண்ணும். டிரைக்கோடெர்மா போடுவதானால் இந்தத் தொழு உரத்தோடு முன்கூட்டியே கலந்துவிடுங்கள். நடுகிற அன்று பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்கும்போது, வேர் தொடுகிற இடத்தில் 20 கிராம் வேம் தூவுங்கள். மேலே தூவித் தண்ணீர் விட்டால் வேருக்குப் போய்ச் சேராது. வளர்ந்த மரத்துக்கு 200 கிராம்.

ஒன்று கேட்க வேண்டும். கரம்பில் புல் பூண்டு இருந்ததா, இல்லை அடிக்கடி உழுது மொட்டையாக வைத்திருந்தீர்களா?

குடியாத்தம் மேட்டுக்கொல்லை:
ரொம்ப நன்றி ஐயா. மாமனாருக்கு அப்படியே படித்துக் காட்டினேன். முதல் வருஷம் டி.ஏ.பி. வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார். உழவே இல்லை, அருகும் கொளுஞ்சியும் மண்டிக் கிடந்தது. இன்னும் இரண்டு சந்தேகம். ஊடுபயிராக முள்ளங்கி போட்டுக் கொஞ்சம் காசு பார்க்கலாம் என்றிருக்கிறோம். கன்று கொடுத்தவர் நட்டதும் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கரைத்துத் தூரில் ஊற்றச் சொல்கிறார். செய்யலாமா?

கே.வி.குப்பம் கொய்யாத் தோப்பு:
வேம் வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். கடையில் வெயிலில் கிடந்த பாக்கெட் வேண்டாம். மண் பரிசோதனைக்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

ஒடுகத்தூர் மண்வேலை:
அருகும் கொளுஞ்சியும் இருந்தது என்றால் உங்கள் மண்ணில் பூஞ்சை உயிரோடுதான் இருக்கிறது. குறை இருந்தால் அது நாற்றங்கால் பையில்தான் இருக்கும். அதனால் கன்றுக்கு மட்டும் வேம் வாங்குங்கள், கொல்லை முழுக்கத் தூவக் கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முள்ளங்கி, கோஸ், கடுகு இந்தக் குடும்பம் முழுக்க வேம் பூஞ்சையோடு சேராது. பழையபடி மல்லாட்டை போடுங்கள், இல்லையென்றால் காராமணி, கொள்ளு. மூன்றிலும் பூஞ்சை தங்கும், காற்றிலிருந்து தழைச்சத்தும் மண்ணில் சேரும். அறுவடைக்குப் பிறகு மாசி, பங்குனியில் கொல்லையைப் புழுதி உழவு ஓட்டிப் பிளந்து போடாதீர்கள், இழை அறுந்துவிடும்.

கார்பென்டசிம் வேண்டவே வேண்டாம். ஆராய்ச்சியில் இந்தப் பூஞ்சையை வேண்டுமென்றே அடக்கப் பெனோமில் என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றுவார்கள். பெனோமில் மண்ணில் சிதைந்தால் கார்பென்டசிம்தான். வராத நோய்க்கு அதை ஊற்றுவானேன். தூரில் அழுகலோ இலை வாட்டமோ தெரிந்தால் இங்கே படம் போடுங்கள், என்ன நோய் என்று பார்த்து அப்புறம் மருந்தை முடிவு செய்யலாம்.