ஓய்வு வயசை 60 ஆக்கினதுல யாரோட ரெண்டு வருஷம் போச்சு?

பரீட்சைப்பறவை:
2019 செப்டம்பர்ல டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4, அதான் அரசு குமாஸ்தா மாதிரி வேலைகளுக்கான பரீட்சை, எழுதினேன். கட்-ஆஃபுக்கு மூணே கேள்வி கம்மி. சரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு இருந்தேன். அடுத்த குரூப் 4 நடந்தது 2022 ஜூலைல! 7,301 இடம், சுமார் 22 லட்சம் விண்ணப்பம். நடுவுல தமிழக அரசு ஊழியர் ஓய்வு வயசு 2020 மே மாசம் 58-லேருந்து 59, மறுவருஷம் 60. கொரோனா காலம், ஒத்துக்கறேன். ஆனா பெரியவங்களுக்கு ரெண்டு வருஷச் சம்பளம் கூடுச்சு, எங்களுக்கு வயசு வரம்புல ரெண்டு வருஷத் தளர்வு. அதாவது இன்னும் ரெண்டு வருஷம் காத்திருக்க அனுமதி.

மாஜி குமாஸ்தா:
தம்பி, 2020-ல வீட்டுக்குப் போகவேண்டியவன் நான். யாரும் கோட்டைக்குப் போய் இதைக் கேக்கல. பணிக்கொடை, கம்யூட்டேஷன் (பென்ஷன்ல ஒரு பங்கை முன்கூட்டியே வாங்கிக்கறது)னு மொத்தமா எடுத்துக் குடுக்க அப்ப கஜானாவுல பணமில்ல, தள்ளிப்போட்டாங்க. எங்க அகவிலைப்படி உயர்வையும் சேத்துத்தான் நிறுத்தினாங்க. 1979-ல 55-ஐ 58 ஆக்கினப்ப எங்க அண்ணன் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்ல பதிஞ்சுட்டு உக்காந்திருந்தான். அப்பவும் திண்ணையில இதே பேச்சுதான்.

கிழவன் எழுந்தா நாற்காலி உங்களுக்கு வந்துடும்னு நம்பறீங்க பாருங்க, அங்கதான் ஏமாறறீங்க. 2022-ல நான் எழுந்துட்டேன். என் சீட்டை இன்னிவரைக்கும் பக்கத்து சீட்டு அம்மாதான் ‘கூடுதல் பொறுப்பு’ல பாக்கறாங்க.

கீரைக்கட்டு:
ஏனுங்க, ரெண்டு பேரும் அரசாங்க நாற்காலியை விட்டு எறங்கவே மாட்டீங்களா? எங்க அமுச்சிக்கு, பாட்டிக்குத்தானுங்க, 71. நூறு நாள் வேலைக்குப் போகுது. அதுக்கு ரிட்டயர்மெண்ட் வயசை எந்த அரசாணையில தேடறது?

போன மாசம் ரேஷன் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். களை எடுத்து எடுத்து ரேகையே தேஞ்சு போச்சுங்க. மிஷின் நாலு தடவை சிவப்பு காட்டுச்சு. கடைக்காரர், “ஆத்தா, விரலைத் தலையில ஒரு தேய் தேச்சுட்டு வை”ன்னாரு. எண்ணெய் பட்டும் வேலைக்காகல. கடைசியில ஓடிபி. அது போனது திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்குற என் தம்பி போனுக்கு. அவனுக்குப் பீஸ் ரேட், தைச்ச கணக்குக்குத்தான் கூலி. தைக்கறப்போ போனை எடுத்தா ஓனர் கத்துவாரு. அரிசி வாங்காமத்தான் வந்தோம்.

முதியோர் பென்ஷனை 1,200 ரூபாய் ஆக்கினதே 2023 ஆகஸ்ட்லேருந்துதான். அதுக்கு முந்தி ஆயிரம். இந்தத் திட்டத்துல 80 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு மத்திய அரசு பங்கு இன்னும் 200 ரூபாய்தான். என் தம்பிக்கு 24 வயசு, பி.எஃப். கெடையாது. அமுச்சி இடத்துக்கு அடுத்து அவன்தான் வந்து நிப்பான்.

பரீட்சைப்பறவை:
அக்கா, நான் உங்க அமுச்சியைச் சொல்லல. அவங்களையும் 60 தாண்டின ஆபீசரையும் ஒரே ‘முதியோர்’ கணக்குல எழுதறதுதான் தப்பு. 2020 மார்ச்ல முதியோருக்கான ரயில் கட்டணச் சலுகையை நிறுத்தினாங்க, ஆம்பளைக்கு 40, பொம்பளைக்கு 50 சதவீதம். இன்னிக்கும் டிவியில அதுக்கு விவாதம் நடக்குது. ரேகை தேஞ்சதுக்கு எவன் விவாதம் வெக்கறான்?

மாஜி குமாஸ்தா:
ரயிலை ஏன் இழுக்கறீங்க? அந்தச் சலுகை எல்லாருக்குந்தான் இருந்துச்சு.

சாக்பீஸ்:
நான் அரசுப் பள்ளி. எங்க ஸ்டாஃப் ரூம்ல மூணு கணக்கு வாத்தியார். ஒருத்தர் 2002-ல சேர்ந்தவர், பழைய பென்ஷன்காரர், பென்ஷனுக்குன்னு சம்பளத்துல பிடித்தம் கெடையாது. நான் 2004-ல தொகுப்பூதியத்துல, அதாவது மாசம் இவ்வளவுன்னு ஒரே தொகையில, நுழைஞ்சு 2006-லதான் வருஷாவருஷம் ஏறற காலமுறை ஊதியம் பாத்தேன். 2003 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்தவன்ங்கறதால என்னைப் பங்களிப்பு ஓய்வூதியத்துல போட்டு, சம்பளத்துலேருந்து மாசாமாசம் பத்து சதவீதம் பிடிச்சாங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே காலேஜ் வேற! மூணாவது ஒரு பொண்ணு, தற்காலிக ஆசிரியை, 15,000 ரூபாய். விடைத்தாள் கட்டு மட்டும் மூணு பேருக்கும் ஒரே கனம்.

மாஜி சார், நீங்க ‘பக்கத்து சீட்டு’ன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போயிட்டீங்க. ரெண்டு ஆள் வேலையை ஒரு ஆளுக்குத் தள்ளிட்டு மிச்சத்தைத் தொகுப்பூதியத்துல ஓட்டறாங்க. இந்தப் பறவை தம்பியோ உங்க மேல பாயறார்.

மாஜி குமாஸ்தா:
அப்ப என் பென்ஷனைப் பிடுங்கிட்டா அந்தப் பொண்ணுக்குச் சம்பளம் ஏறிடுமா?

சாக்பீஸ்:
பிடுங்கச் சொல்லல சார். அதே பென்ஷனை எனக்கும் கேக்கறேன். நாங்க தெருவுல நின்னு கேட்டப்ப ரிட்டயர் ஆனவங்க எத்தனை பேர் வந்தீங்க?

மாஜி குமாஸ்தா:
முட்டி வலி. அது உண்மைதான். ஆனா கேள்வியும் நியாயமானதுதான்.

பரீட்சைப்பறவை:
ரெண்டு வருஷம் போனது போனதுதான், அதுல நான் மாறல. ஆனா அய்யா, அந்தக் காலி சீட்டு எந்தத் துறைன்னு மட்டும் தனிச்செய்தியில சொல்றீங்களா? தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டுப் பாக்கறேன்.

மாஜி குமாஸ்தா:
அனுப்பறேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்ட மறந்துடாதீங்க தம்பி. அது இல்லன்னு எத்தனையோ மனுவை நானே திருப்பி அனுப்பியிருக்கேன்.